ரோதைமுனிக்கு வேறு பெயர் வேண்டாம்

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து போனைத் திறந்தால், எங்கள் லைன் வீடுகளின், அதாவது தோட்டத்துக் குடியிருப்பின், வாட்ஸ்அப் குரூப்பில் கும்பாபிஷேக நோட்டீஸின் மாதிரி வந்து கிடந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘ஸ்ரீ ரோஹித முனீஸ்வரர்’. எங்கள் ரோதைமுனிக்குப் போட்ட புதுப் பேர். கீழே நன்கொடை விவரம். வரிசையாக எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. தூக்கமும் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பந்தலூர் பக்கம் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. நம்பாதவனுக்குச் சாமி பேரைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அந்தப் பேர் எங்கள் சனங்கள் பார்த்த வேலையின் பேர். அதை மாற்றினால் எனக்கு வலிக்கிறது.

இலங்கையில் சக்கரத்துக்கு ரோதை என்பார்கள். போர்த்துக்கீசியரின் ‘ரோடா’. அவர்கள் 1505-ல் அங்கே கரையிறங்கி, 1658-ல் டச்சுக்காரரிடம் கடைசிக் கோட்டையையும் இழந்து போனார்கள். சொல் மட்டும் தங்கிவிட்டது, சிங்களத்திலும் தமிழிலும். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிச் சீமையில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் காப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. தேயிலை வந்ததும் கூடவே ஆலை வந்தது. ஆலையோடு சக்கரமும் பெல்ட்டும் வந்தன. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து ஆள்பிடிக்கும் கங்காணி கூட்டிப்போன ஆட்களுக்கு அப்படி ஒரு ராட்சசச் சுழற்சியைப் பார்த்த பழக்கமில்லை. ஊரில் ஏரிக்கரையைக் காத்த முனி அவர்களுக்குத் தெரியும். அந்த முனியைக் கூட்டிவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ரோதைமுனி பிறந்தார். பாதிப் பேர் போர்த்துக்கீசியம், பாதிப் பேர் நம்ம ஊர். இதைவிட நேர்மையான வரலாற்று ஆவணம் ஒன்று எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்களிடம் செப்பேடும் இல்லை, ஓலையும் இல்லை.

ரோதைமுனி தனியாள் இல்லை. கவ்வாத்துச்சாமி உண்டு, கொழுந்துச்சாமி உண்டு. கவ்வாத்து என்றால் செடியை வெட்டி மட்டம் பிடிப்பது. அதற்கு முன்னால் கத்திக்கு எலுமிச்சம்பழம் குத்தி, சூடம் காட்டி, ஒரே ஒரு செடியை வெட்டிவிட்டு நிற்பார்களாம். வெட்டிய செடி மறுபடி தளிர்த்து முதல் கொழுந்து எடுக்கும் அன்றைக்கு, முதல் கைப்பிடி கூடைக்குப் போகாது, கல்லுக்கு முன்னால் போகும். அப்பாவைப் பெற்ற அப்பாயி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். செய்யும் வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி. எந்த ஆகமத்திலும் இந்தச் சாமிகளுக்கு இடமில்லை. வேலைக்காட்டில் பிறந்தவர்கள்.

அப்பாயி கொழுந்து எடுத்தவர். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பிறந்த மண்ணிலேயே நாடில்லாதவராகிப் போனார். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இப்படி நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் யாரையும் யாரும் கேட்டதாக அப்பாயிக்கு நினைவில்லை. “எலெ நிறுக்கிற மாதிரி நிறுத்தாங்க எய்யா” என்பார்.

1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம், குடும்ப அட்டை, பிறகு நீலகிரி. இப்படி வருகிறவர்களுக்காகத்தான் 1968-ல் அரசு இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு டேன்டீ என்கிறோமே, அது. அப்பாயியின் தகரப்பெட்டியில் இரண்டு சேலை, ஒரு கவ்வாத்துக் கத்தி, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கல். ரோதைமுனி காலடியில் கிடந்த கல். உள்ளங்கையில் அடங்கும். சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்தக் கல்தான் இப்போது நோட்டீஸில் ரோஹித முனீஸ்வரர்.

நான் தேயிலை ஆலையில் வேலை பார்க்கிறேன். இந்த மழைக்காட்டுப் பக்கம் ஆலை வேலை பெரும்பாலும் ராத்திரி வேலை. பகலில் வரும் பச்சை இலையைத் தொட்டியில் பரப்பி பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வாட்டிவிட்டு அரைக்க வேண்டும். நாலு, நாலரைக் கிலோ இலை ஒரு கிலோ தூளாகும். இலையை நசுக்கி அரைக்கும் சிடிசி ரோலர் ஓடும்போது பக்கத்தில் நின்றால் தரை காலுக்குள் நடுங்கும். அந்த நடுக்கம் பழகியவனுக்கு ரோதைமுனி எதற்குப் பிறந்தார் என்பது தானாகப் புரியும். பயம்தான்.

அப்பாயி சொன்ன கதை ஒன்று உண்டு. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்து ஆலையில் பெல்ட் ஒரு பையனை இழுத்துக்கொண்டது. பதினாலு வயது. “முனி காவு கேட்டுட்டாரு” என்றார்கள். அந்த வருடத்திலிருந்து சேவல் அறுக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் நான் நம்பிக்கையிலிருந்து விலகுகிறேன், முழுசாக விலகுகிறேன். முனி கேட்கவில்லை. பெல்ட்டுக்கு வலை போடவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 21, சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு போடச் சொன்னது. அந்தத் தடுப்பு காப்பாற்றிய விரல்களை எந்தச் சேவலும் காப்பாற்றியிருக்காது. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துரையின் புத்தகத்தில் அந்தப் பையன் எப்படி எழுதப்பட்டானோ, எழுதப்பட்டானோ இல்லையோ, சாமிக்கதையில் அவனுக்குப் பேர் இருந்தது. வருடா வருடம் படையலில் அந்தப் பேரைச் சொன்னார்கள். நானும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என்னைப் போல நம்பாத நண்பர்கள் சிலர் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். எனக்கு அவர்களோடு சண்டை உண்டு. கூலிக்காரனின் வரலாறு கல்வெட்டில் கிடைக்காது. தேவாலா, பந்தலூர் மலைகளில் 1880-ஐ ஒட்டித் தங்க வேட்டை நடந்தது. லண்டனில் பங்கு விற்றார்கள், கம்பெனிகள் முளைத்தன, தங்கம் போதாமல் சில வருடத்தில் மூடிக்கொண்டு போனார்கள். சுரங்க வாய்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. கம்பெனிகளின் பேர் தேடினால் கிடைக்கும். அந்தப் பாறையைக் குடைந்தவன் பேர்? மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது. சாமியாவது இருந்திருந்தால் ஒரு நூல் பிடித்திருக்கலாம்.

ஐப்பசியில் கூடலூர் புத்தூர்வயலில் பூப்புத்தரித் திருவிழா நடக்கும், போய்ப் பாருங்கள். புது நெற்கதிரை அறுத்து நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயிலுக்கு எடுத்துப்போவார்கள். பணியர், குறும்பர், செட்டிகள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. வயல்கள் வாழையும் கட்டடமுமாகிவிட்ட காலத்திலும், இங்கே நெல் விளைந்தது என்பதை அந்தக் கதிர்க்கட்டு சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் வருடம் தவறாமல் போகிறேன். சாமி கும்பிட இல்லை. கதிரைப் பார்க்க.

எங்கள் ஆலையில் ஆயுதபூஜைக்கு ரோலருக்கு முதல் பொட்டு வைப்பவர் ஃபிட்டர் அண்ணன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பொரியும் கடலையும் பங்கு பிரிப்பது லோடிங் பகுதியில் இருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்குக் காக்கா. நான் பூசணிக்காய் உடைப்பேன். யாரும் யாரிடமும் நம்பிக்கை உண்டா என்று கேட்டதில்லை. வருடத்தில் அந்த ஒரு நாள் இயந்திரம் நிற்கும், ஆட்கள் உட்காருவார்கள். எனக்கு அதுவே போதும்.

இன்று காலை கமிட்டித் தலைவரான பெரியப்பாவிடம் போனேன்.

“ரோதைனா என்னன்னு யாருக்கும் தெரியல மாப்ளைகளுக்கு. ஐயர் கேட்டாரு, சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அவரே எழுதிக் கொடுத்தாரு” என்றார்.

“கூச்சம் எதுக்குப் பெரியப்பா? சக்கரம்னு சொல்லியிருக்கலாமே.”

“சக்கரத்துக்கு ஒரு சாமியான்னு சிரிப்பாங்க தம்பி.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊரில் ‘சிலோன்காரன்’ என்று கூப்பிடப்பட்டே வளர்ந்தவர். எல்லா ஊரிலும் இருப்பது போல ஒரு கோயில், ஒரு கோபுரம், ஒரு ஸ்ரீ இருந்தால் நாமும் இந்த ஊர்க்காரர் ஆகிவிடலாம் என்ற ஏக்கம் அது. ஐம்பது வருடமாக ஆறாத ஏக்கம். அதைத் திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ஸ்ரீக்காக நாம் கொடுக்கும் விலை ரோதை. நம் பாட்டன் நின்ற இடத்தின் அடையாளம்.

அவரிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். பேர் ரோதைமுனியாகவே இருக்கட்டும். நன்கொடையாளர் கல்வெட்டில் கடைசியாக ஒரு வரி: 1973-ல் கப்பலில் இந்தக் கல்லைக் கொண்டுவந்த கொழுந்துக்காரியின் பேர். அந்த வரிக்கு ஆகும் செலவு என்னுடையது.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கம்மாவும் அதே கப்பல்லதான் வந்துச்சு” என்றார். “அப்ப அவங்க பேரும் போடணும்ல?”

போடணும். அந்தக் கப்பலில் வந்து எங்கள் லைனில் குடியேறியவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். இதுவரை பதினேழு பேர் கிடைத்திருக்கிறது. மேல் லைனில் ஒரு பாட்டிக்கு இன்னும் நினைவு நன்றாக இருக்கிறது. நாளைக்கு அங்கே போகிறோம்.