சட்டம் கட்டாயப்படுத்தவில்லை

"அமெரிக்காவில் 2022-லேயே எல்லாக் குடும்ப நீதிமன்ற நீதிபதிகளுக்கும் வன்முறையை அடையாளம் காணும் பயிற்சி கட்டாயம், இனி அங்கே யாரும் ஏமாற்ற முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

நீங்கள் சொல்வது கெய்டன் சட்டம். பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தை 2022 மார்ச்சில் புதுப்பித்தபோது சேர்த்த பகுதி. அங்கே குடும்ப நீதிமன்றங்கள் மாநிலங்களின் கையில். அதனால் மத்திய அரசு உத்தரவு போடவில்லை; நிபந்தனைகளை ஏற்றுச் சட்டம் இயற்றும் மாநிலத்துக்குக் கூடுதல் நிதி, அவ்வளவுதான். பயிற்சியும் அந்த நிபந்தனைகளில் ஒன்று: முதலில் குறைந்தது 20 மணி நேரம், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 15 மணி நேரம். வேண்டாம் என்றால் மாநிலம் நிதியை விட்டுவிடலாம்.

அப்புறம், பயிற்சி முடித்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் சும்மா. காயம் இருந்தால் யாருக்கும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேதிகளை மாற்றிச் சொல்லி, குரல் உயர்ந்து, பாதியில் உடைந்து அழுகிற அம்மா. எதிரே ரசீதுகளைக்கூடக் கோப்பில் அடுக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசும் அப்பா. பழகாத கண் யாரை நம்பும்? வன்முறைக்கு ஆளானவர் பதறுவதும் தடுமாறுவதும் பொய்யின் அடையாளம் அல்ல. அடிக்காமலே மிரட்டி அடக்கி வைப்பது, மன அதிர்ச்சி, கேட்பவரின் முன்முடிவு ஆகியவையும் பாடத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதுவும் நீதிபதிகளுக்கு மட்டுமில்லை. குழந்தை யாரிடம் இருக்கலாம் என்று மதிப்பிட்டு அறிக்கை தருபவர், சமரசம் பேசுபவர், குழந்தைக்காக வாதாடும் வழக்கறிஞர் எல்லோருக்கும்தான்.