விழுந்தால் செத்துப்போவதுதான் யதார்த்தமா?

நாங்கள் கணினியில் விளையாடும் எழுத்து ஆட்டத்தில் உயரத்திலிருந்து விழுவதற்கான விதியை மாற்றப் போகிறார்கள். இதுவரை கோட்டைச் சுவரிலிருந்து விழுந்தாலும் மலைமுகட்டிலிருந்து விழுந்தாலும் கொஞ்சம் ஹிட் பாயின்ட் (கேரக்டரின் உயிர்க்கணக்கு) குறையும், சத்திரத்தில் ஓர் இரவு படுத்தெழுந்தால் சரியாகிவிடும். இனிமேல் ஓர் அறை உயரம் (ஆட்டத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அறை என்று பெயர்) விழுந்தால் பாதி உயிர், இரண்டு அறை விழுந்தால் அநேகமாக மரணம், மூன்று என்றால் பேச்சே இல்லை. எங்கள் ஆட்டத்தில் செத்த கேரக்டர் திரும்ப எழுந்து வராது, வருஷக்கணக்கில் வளர்த்ததாக இருந்தாலும் அதோடு முடிந்தது. இதற்கு ஆட்டத்தை நடத்தும் ஸ்டாஃப் சொல்லும் காரணம் யதார்த்தம். நிஜத்தில் மலையிலிருந்து விழுந்தால் பிழைப்பாயா என்று கேட்கிறார்கள், நிறையப் பேர் கைதட்டுகிறார்கள்.

எனக்கும் யதார்த்தம் வேண்டும். இந்த விதியில் அது இல்லை என்பதுதான் என் சண்டை.

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்து. நீங்கள் ஒரு கட்டளை தட்டினால் என்ன நடந்தது என்று நாலு வரி வரும், அந்த வரிகளை உங்களோடு இருக்கும் மற்ற ஆட்களும் படிப்பார்கள். 1978-இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிவைத்த வகை, மட் என்று பெயர். ரங்கூனில் எங்களைப் போன்றவர்கள் இதில் ஒட்டிக்கொண்டதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மின்சாரம் முறைவைத்து வந்து போகிற ஊரில், பேட்டரியிலும் மெதுவான லைனிலும் ஒழுங்காக ஓடுகிற பெரிய ஆட்டம் இது ஒன்றுதான். நானும் மோல்மேனில் இருக்கும் ஒரு நண்பனும் இன்னும் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் இரவு நேரத்தில் அதற்குள் இருப்போம், ஆட்டம் ஆங்கிலத்தில் ஓடும், எங்கள் சண்டையும் சமாதானமும் பக்கத்து ஜன்னலில் தமிழில் ஓடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஓர் அறை உயரம்" என்றால் எத்தனை மீட்டர்? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இந்த ஆட்டங்களில் அறைக்கு அளவே கிடையாது. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிக்கு என்ற மட்டின் வழியில் வந்த ஆட்டங்களில் பொதுவாக அறை என்பது ஒரு விவரணையும் ஆறு வாசல்களும்தான்: நாலு திசை, மேலே, கீழே. எங்கள் ஆட்டத்தின் ஊர்க்காவல் கோபுரத்தில் "மேலே" என்று மூன்று தடவை தட்டினால் உச்சிக்குப் போய்விடலாம், விவரணையைப் படித்தால் அது பத்து மீட்டருக்கு மேல் இருக்காது. தெற்கு மலையில் ஒரே ஒரு "மேலே", படித்தால் ஒரு முழுப் பாறைமுகம், முப்பது மீட்டராவது இருக்கும். புதிய விதிப்படி கோபுரத்திலிருந்து விழுகிறவன் நிச்சயம் சாவான், பாறையிலிருந்து விழுகிறவன் பாதி உயிரோடு எழுந்து நடப்பான். வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு பில்டர்கள் (ஆட்டத்தின் இடங்களை எழுதிக் கட்டுகிறவர்கள்) தங்களுக்குத் தோன்றியபடி கட்டிய அறைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்து ஒருவனைச் சாகடிப்பதை யதார்த்தம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தச் சிக்கலின் வேர் பழசு. மேஜையில் பகடை உருட்டி விளையாடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் இருபது பகடை என்று விதி. இருபது பகடையின் சராசரி 70. அதற்கு மேல் ஹிட் பாயின்ட் உள்ள வீரன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அநேகமாக எழுந்து நடந்துவிடுவான் என்று அந்தக் காலத்திலிருந்தே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே மேஜைக்கு எதிரே ஆட்டத்தை நடத்தும் ஒரு மனிதர் இருக்கிறார். இது எத்தனை அடி, கீழே என்ன கிடக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். மட்டில் அந்த மனிதர் இல்லை, அடிக்குப் பதில் அறை வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்று. "உயரம் கூடக்கூட டேமேஜ் பலமடங்காக ஏற வேண்டும், அதுதான் இயற்பியல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், விழும் உடலின் ஆற்றல் உயரத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும், வேகம் அதைவிட மெதுவாக ஏறும். மூன்று மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 28 கிலோமீட்டர், பத்து மீட்டரில் 50, இருபது மீட்டரில் 71. ஆளைக் கொல்வதில் உயரத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறோம் என்பதற்கும் உண்டு. ஐந்து மீட்டர் விழுந்து சிமென்டுத் தரையில் ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால் உடம்பு தன் எடையைப்போல் சுமார் நூறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அதே ஐந்து மீட்டர் விழுந்து வைக்கோல் போரிலோ சேற்றிலோ அரை மீட்டர் அமுங்கி நின்றால் சுமார் பத்து மடங்குதான். அதே உயரம்தான், ஒருவன் செத்துப்போவான், இன்னொருவன் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுவான்.

1944-இல் நிக்கலஸ் ஆல்கமேட் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர் எரிகிற விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தார், சுமார் 5,500 மீட்டர் உயரம். பைன் மரக் கிளைகளும் அடியில் கிடந்த பனியும் தாங்கியதில் உயிர் பிழைத்தார், எலும்புகூட முறியவில்லை. இது அபூர்வம், தெரியும். அவரைக் காட்டி எல்லோரும் பிழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு பக்கம் நாலடி ஸ்டூலிலிருந்து பின்னால் சாய்ந்து தலை அடிபட்டு இறந்தவர்களும் உண்டு. விதியில் தரை எங்கே இருக்கிறது, விழுந்தவன் காலால் இறங்கினானா தலையால் இறங்கினானா என்பது எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். கீழே தண்ணீரா, மணலா, கல்லா என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சொல், எத்தனை மீட்டர் என்று ஓர் எண், இரண்டையும் பில்டர் எழுதி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். அறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பார்கள். விழக்கூடிய அறைகள் அவ்வளவு இல்லை, அவற்றை மட்டும் செய்தால் போதும், நாங்களே உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

மீதிப் பாதி, என் மனதுக்கு முக்கியமான பாதி, விழுந்த பிறகு என்ன என்பது.

எங்கள் தெருவில் மூங்கில் சாரம் கட்டுகிற ஓர் அண்ணன் இருக்கிறார். ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தங்கத்தகடு புதுப்பிக்கும் சமயங்களில் அடியிலிருந்து நுனிவரை மூங்கில் சாரம் எழும்புவதை ரங்கூன்காரர்கள் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட 99 மீட்டர், அந்தத் தொழில்தான். அவர் விழுந்தது அப்படிப்பட்ட இடத்திலிருந்து இல்லை, ஒரு சாதாரண வீட்டின் இரண்டாம் மாடி. கீழே கொட்டியிருந்த மணலில் நின்ற வாக்கிலேயே இறங்கினார். குதிகால்தான் வலிக்கிறது என்று சொன்னவருக்கு டாக்டர் முதுகையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். காலால் இறங்குகிறவர்களுக்குக் குதிகால் எலும்பு நொறுங்கும், அந்த அதிர்ச்சி மேலே ஏறி இடுப்புக்கு மேலே முதுகெலும்பை அழுத்தும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. அவருக்கு இரண்டுமே ஆகியிருந்தது. இப்போதும் காலையில் எழுந்து முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், படி இறங்கும்போது பாதத்தின் வெளி ஓரத்தில் எடை வைத்து ஒரு பக்கமாகத் திரும்பி இறங்குகிறார். சாரத்தில் ஏறுவதில்லை. கீழே உட்கார்ந்து மூங்கிலைத் தட்டிப் பார்த்து, வெடிப்பு இருப்பதை ஒதுக்கி, கயிறு அளந்து வெட்டிக் கொடுக்கிறார், மேலே போகும் பையன்களின் முடிச்சைக் கீழேயிருந்தே கண்ணால் சரிபார்க்கிறார்.

பழைய விதிப்படி இந்த அண்ணன் மறுநாள் காலை சத்திரத்திலிருந்து எழுந்து வேலைக்குப் போயிருப்பார். புதிய விதிப்படி அநேகமாகச் செத்திருப்பார். அவர் வாழ்கிற வாழ்க்கைக்கு இரண்டு விதியிலும் இடமில்லை. பாகன் பக்கம், சௌபடவுங் பக்கம் பனையில் ஏணி கட்டி ஏறிக் கள் இறக்கும் ஊர்களில் போய்க் கேளுங்கள், விழுந்து பிழைத்து இடுப்பு போன ஆட்கள் இருப்பார்கள், வெல்லம் காய்ச்சும் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டு.

ரோல்ப்ளே ஆட்டம், அதாவது கேரக்டராகவே வாழ்ந்து நடிக்கும் ஆட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். செத்துப்போன கேரக்டரில் ரோல்ப்ளே செய்ய ஒன்றுமில்லை, அரைமணி நேரத்தில் புதுசு ஒன்றை உண்டாக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கால் ஒடிந்த திருடனை நினைத்துப் பாருங்கள். அவனைப் பள்ளத்திலிருந்து தூக்க நாலு பேர் வேண்டும், கட்டுப் போட வைத்தியர் வேண்டும், படுத்திருக்கும் மாதத்தில் சோறு போட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அவன் கடன்படுவான். எழுந்த பிறகு ஓட முடியாது, சுவர் ஏற முடியாது, வேறு பிழைப்பு தேட வேண்டும். ஒரு வீழ்ச்சியில் ஏழெட்டுப் பேருக்கு ஆட்டம் கிடைக்கிறது. மோல்மேன் நண்பன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான்: "சாவு நிச்சயமில்லை என்றால், காவலர் துரத்தும்போதெல்லாம் எல்லாரும் சுவரிலிருந்து குதித்துத் தப்புவானுங்களே அண்ணே?" குதிக்கட்டும். குதித்தவன் மூன்று மாதம் நொண்டினால் அடுத்த தடவை யோசிப்பான். சாவுக்குப் பயப்படாத ஆட்டக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நொண்டிக்கொண்டே விளையாடச் சொன்னால் அவர்களே படியில் மெதுவாக இறங்குவார்கள்.

விழுவதற்கு முன்னால் வரும் வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் ஆட்டத்தில் ஏறு என்று தட்டினால் உள்ளே ஒரு பகடை உருளும், அடுத்த வரியில் நீங்கள் கீழே கிடப்பீர்கள். நிஜத்தில் உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படித் திடீரென்று ஆவது குறைவு. மூங்கில் விடுவதற்கு முன் முனகும் என்பார் அந்த அண்ணன், முடிச்சில் கயிறு இளகுவது உள்ளங்காலுக்குத் தெரியும், மழை நாளில் கணுவுக்கு மேலே கை வைக்கவே கூடாது. எழுத்தில் ஓடும் ஆட்டத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "இடது காலுக்கடியில் பாறை பொடிகிறது" என்று ஒரு வரி கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு நேரமும் கொடுங்கள். நான் பாறையோடு ஒட்டிக்கொள்ளலாம், மேலே நிற்பவனைக் கூப்பிடலாம், கையால் தொங்கி வேண்டுமென்றே விட்டுவிடலாம். ஐந்து மீட்டர் சுவரில் கையை நீட்டித் தொங்கினால் பாதத்துக்கும் தரைக்கும் இடையே மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், தொங்கி இறங்கத் தெரிந்தவனுக்கும் தவறி விழுந்தவனுக்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு. இதெல்லாம் தட்டிப்பார்த்தும் விழுந்து செத்தால் அந்தச் சாவை நான் ஏற்றுக்கொள்வேன், குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கோபமே இருக்கிறது. பாறையில் ஏறிக்கொண்டிருக்கும்போது லைன் போனால் என்ன ஆகும் என்று புதிய விதியில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு இது தினசரிக் கதை. மின்சாரம் போகும், ரௌட்டர் அணையும், ஆள் போனது சர்வருக்கு உடனே தெரியவும் தெரியாது, அது பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் கேரக்டர் கையசைக்காமல் பாறையில் நிற்கும், களைப்பு ஏறும், பிடி நழுவும், விழும். பழைய விதியில் கொஞ்சம் ஹிட் பாயின்ட்தான் போனது, பொறுத்துக்கொண்டோம். புதிய விதியில் ஆளே போய்விடுவான். நல்ல லைன் உள்ள நாட்டில் உட்கார்ந்திருப்பவனின் கேரக்டர் பாறையால் சாகும், ரங்கூனில் தாமுவேயிலோ திங்கன்ஜுனிலோ இருப்பவனின் கேரக்டர் மின்வெட்டால் சாகும். லைன் விட்டுப்போன கேரக்டர் பிடித்த இடத்திலேயே களைப்பு ஏறாமல் நிற்கட்டும், திரும்பி வந்ததும் ஏறட்டும். இதை வைத்து ஏமாற்றுவார்கள் என்றால், சண்டையிலோ துரத்தலிலோ இருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது என்று வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஸ்டாஃபுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நம் ஆட்களில் விளையாடுகிறவர்கள் உங்கள் கேரக்டர் பெயரில் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் ஒரு குரலாகத்தான் எண்ணுவார்கள். மீட்டரும் தரையும் எழுதும் வேலைக்கு வருகிறவர்கள் எனக்குச் செய்தி போடுங்கள், தெற்கு மலையையும் துறைமுகச் சுவரையும் நான் எடுத்துக்கொள்கிறேன், காவல் கோபுரங்களுக்கு ஆள் வேண்டும்.