டிமைத் தாளில முடியிற குழுவேலை

நாலு மேசையை இழுத்து ஒட்டி, நடுவில ஒரு டிமைத் தாளையும் மாக்கரையும் வைச்சால் அது கூட்டுறவுக் கற்றல் ஆகாது. கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும், வடிவான கையெழுத்துக்காரி எழுதுவாள், மற்ற ரெண்டு பேரும் மாக்கர் மூடியோட விளையாடுவினம். மேற்பார்வைக்கு வாறவருக்குச் சுவரில ஒரு தாள் காட்டலாம், அவ்வளவுதான்.

கூட்டுறவுக் கற்றல் எண்டால் ஒவ்வொரு பிள்ளையிட்டையும் மற்றவைக்குத் தேவையான ஒன்று இருக்கோணும். கடைசியில ஆளாளுக்குத் தனியச் சோதனையும் இருக்கோணும். 1971இல அமெரிக்காவின்ர ஒஸ்ரின் நகரத்தில, கறுப்பு, வெள்ளை, மெக்சிக்கப் பின்னணிப் பிள்ளையளை ஒரே வகுப்பில இருத்தினபோது வந்த முறுகலுக்கு எலியட் அரன்சன் எண்ட உளவியலாளர் கண்ட ஜிக்சோ முறை இதில நிக்குது: பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு குடுத்து, அதை அவரவரே சொந்தக் குழுவுக்குப் படிப்பிக்கிறது.

உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின்ர நிலத்தடி நீரைப் பாடமா எடுப்பம். 32 பிள்ளையள், நாலு பேர் கொண்ட 8 குழு. பகுதியும் நாலு: மாரி மழை, சுண்ணாம்புக்கல், உரத்தால வாற நைத்திரேற்று, கூட இறைச்சால் ஏறுற உவர். ஒரு பகுதிக்கு அரைப்பக்கம் காணும். ஒரே பகுதி கிடைச்ச 8 பேரையும் ஒண்டா இருத்தினால் சந்தைதான், நாலு நாலாப் பிரியுங்கோ. 40 நிமிசத்தில தனிய வாசிக்க 5, பகுதிக்காரர் கூடிக் கதைக்க 10, சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 3 நிமிசப்படி படிப்பிக்க 12, சோதனைக்கு 8. மிச்சம் 5 கதிரை இழுக்கவே சரி. நேரத்தை ஆராவது பாத்துச் சொல்லாட்டி நாலாவது ஆள் வாய் திறக்க முதல் மணி அடிச்சுப்போடும்.

படிப்பிக்கேக்க தாள் கவிட்டுக் கிடக்கோணும். இல்லாட்டி அப்பிடியே பாத்து வாசிப்பினம், கேக்கிறவைக்கு ஒண்டும் ஏறாது. வாசிக்கத் தடுமாறுற பிள்ளைக்கு மழைப் பகுதியைக் குடுங்கோ, அது கண்ணால கண்ட விசயம். இடாப்புக் கூப்பிட்ட பிறகு குழுவைப் பிரியுங்கோ. முதல் நாளே பிரிச்சு வைச்சால், வராத ஒரு பிள்ளையோட ஒரு குழுவின்ர கால்வாசிப் பாடமும் போயிடும். 34 பேர் எண்டால் ரெண்டு குழுவில ஒரு பகுதியை இரண்டு பேர் பங்கிடட்டும்.

குழுவுக்கு ஒரே புள்ளி போடுறது எனக்குத் துண்டறப் பிடிக்காது. படிக்காதவனுக்கு அது இலவசம், படிச்சவளுக்குத் தண்டம்.

கணக்குக்கு ஜிக்சோ சரிவராது. முதல் படி விளங்காமல் மூண்டாம் படியைத் தனிய ஆர் படிப்பிக்கிறது? அங்க பிள்ளையளுக்கு 1 தொடக்கம் 4 வரை இலக்கம் குடுத்து, குழுவாச் செய்யவிட்டு, முடிஞ்ச பிறகு ஒரு இலக்கத்தைக் கூப்பிட்டு அந்த இலக்கக்காரரை விடை சொல்ல விடுங்கோ. முதலே இலக்கத்தைச் சொன்னியளோ, மற்ற மூண்டு பேரும் யன்னலுக்கு வெளியாலதான்.