அண்டார்டிகாவுக்கு ஒரு ஸ்டேட்டஸ் கோ

ஞாயிற்றுக்கிழமை செட்டிச்சாவடியில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. 2048ல் அண்டார்டிகா ஒப்பந்தம் முடிகிறதாம், அந்தக் கண்டத்தைக் கூறு போட்டுச் சுரங்கம் தோண்ட ஏலம் விடப் போகிறார்களாம்.

"கண்ணு, நீ வக்கீலாச்சே. இது நெசமா?"

பெரியப்பா மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்திருப்பதும் ஒரு வெள்ளைக்கல்தான். உடைந்த பக்கம் பீங்கான் மாதிரி இருக்கும். வாசலில் நின்றால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் வெட்டிக் கொட்டிய வெள்ளை மேடுகள். அவரிடம் போய்ச் சுரங்கத்தின் கேடுகளைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியுமா? சட்டத்தை மட்டும் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

சேலம் கோர்ட்டில் நான் நடத்துவதெல்லாம் பாகப்பிரிவினை, பட்டா, வரப்புத் தகராறு. சர்வதேசச் சட்டம் என் பிழைப்பு இல்லை. ஆனால் 1959 அண்டார்டிக் ஒப்பந்தத்தைப் படித்தபோது நான்காவது ஷரத்தில் சிரித்துவிட்டேன். வழக்கு முடியும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று கோர்ட்டில் நாம் தினமும் வாங்குகிற ஸ்டேட்டஸ் கோ உத்தரவேதான்!

உரிமை கோருவது ஏழு நாடுகள்: பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா. இதில் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரே சர்வே நம்பருக்கு மூன்று பேர் பட்டா வைத்திருக்கிற கதை. மேரி பேர்ட் லேண்ட் என்று ஒரு பெரிய பகுதியை எந்த நாடும் கோரவில்லை; அது புறம்போக்கு. ஒப்பந்தம் யார் பத்திரம் செல்லும் என்று தீர்ப்பே சொல்லவில்லை. இருக்கிற உரிமைக் கோரிக்கை அப்படியே இருக்கட்டும், புதிதாகக் கோராதே, இருப்பதைப் பெரிதாக்காதே, ஒப்பந்தக் காலத்தில் நீ அங்கே என்ன செய்தாலும் அதைக் காட்டி அனுபவ பாத்தியம் கேட்காதே. அவ்வளவுதான். அதற்கும் அடங்காமல் அர்ஜென்டினா கர்ப்பிணிப் பெண் ஒருவரை எஸ்பரான்சா தளத்துக்கு அனுப்பி, 1978 ஜனவரியில் அங்கே ஒரு குழந்தை பிறந்தது. வழக்கு நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போடும் பங்காளிகளைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த ஒப்பந்தத்தில் கனிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம்தான் பேச்சு வந்தது. எப்படித் தோண்டலாம் என்று 1988ல் வெலிங்டனில் ஒரு உடன்படிக்கையே தயாராகிவிட்டது. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் கையெழுத்துப் போட மாட்டோம் என்றன. அது அப்படியே படுத்துவிட்டது. 1991ல் அண்டார்டிக் ஒப்பந்தத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்பாடாக மாட்ரிட் நெறிமுறை வந்தது. அறிவியல் ஆய்வு தவிர கனிமம் சம்பந்தமாக எதையும் செய்யக்கூடாது என்கிறது அதன் ஏழாவது ஷரத்து. எனக்கு இதில் பிடித்தது நேரம். யாரும் கடப்பாரை போடுவதற்கு முன்பே தடை வந்துவிட்டது. நம் மலையிலோ உச்சியில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டி லாரி லாரியாக மேட்டூருக்குப் போனது முதலில். சட்டம் லாரிக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

சரி, 2048? நெறிமுறை அமலுக்கு வந்தது 1998ல். ஐம்பது வருஷம் கழித்து, ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமையுள்ள எந்த நாடும் மறு ஆய்வு மாநாடு கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். தடை தானாக முடிந்துவிடாது. தடையை எடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக எல்லோரையும் கட்டுப்படுத்தும் கனிமச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்க வேண்டும். 1991ல் அந்த உரிமை பெற்றிருந்த 26 நாடுகளும் ஒப்புதல் தந்தால்தான் திருத்தம் செல்லும். அந்த 26ல் இந்தியாவும் உண்டு. திருத்தம் நிறைவேறி மூன்று வருஷமாகியும் அமலுக்கு வராவிட்டால் ஒரு நாடு விலகிக்கொள்ளலாம் என்று ஒரு பின்வாசல் இருப்பது உண்மை. ஆனாலும் வீடியோவில் சொன்ன ஏலம் எங்கேயும் இல்லை. "அப்ப நம்ம கையெழுத்து இல்லாம நடக்காதுங்கற" என்றார் பெரியப்பா. முகத்தில் ஒரு பெருமை.

அந்தக் கையெழுத்தைப் போட மாட்டோம் என்று டெல்லி இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் என்பது என் வாதம். அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறோம், 2024ல் கொச்சியில் ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தையே நடத்தினோம். 2048 வரை வாயை மூடிக்கொண்டிருக்க என்ன அவசியம்?

ஆர்க்டிக்கை இதோடு குழப்பாதீர்கள். அது கரையெல்லாம் சொந்தக்காரர்கள் உள்ள கடல். 2007ல் ரஷ்யா வடதுருவத்தின் அடியில் கொடி நட்டது வெறும் படம் காட்டல். அங்கே உரிமையைத் தீர்மானிப்பது கடல் சட்டம்.

எனக்கு உண்மையான கவலை கிரில். கூனிறால் மாதிரி ஒரு சின்னக் கடல் உயிரி. திமிங்கிலமும் பென்குவினும் அதைத் தின்றுதான் வாழ்கின்றன. நாம் அதை மீன் தீவனமாகவும் ஒமேகா-3 மாத்திரையாகவும் ஆக்குகிறோம். அண்டார்டிக் தீபகற்பத்தையும் அதற்குக் கிழக்கே உள்ள தென் அட்லாண்டிக்கையும் சேர்த்த கடலில் வருஷத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு. கப்பல்கள் எல்லாம் ஒரே இடத்தில் மொய்க்காமல் இருக்க அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த விதி 2024ல் காலாவதியானது. இந்த விதிகளைப் போடுகிற அண்டார்டிக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு ஆணையத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒத்துக்கொள்ளவில்லை, விதி போய்விட்டது. 2025ல் ஆகஸ்டிலேயே மொத்த வரம்பும் தீர்ந்து மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். காலாவதியே ஆகாத விதிக்கு எத்தனை ஃபார்வர்ட்! நிஜமாகவே காலாவதியான விதியைப் பற்றி ஒரு வீடியோ வரவில்லை எனக்கு.

வாழப்பாடிப் பக்கம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேர், நிலத்துக்கு ஸ்டேட்டஸ் கோ. பதினொரு வருஷமாக ஒருவரும் ஏர் பூட்டவில்லை, வேலியில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. கிணற்றை மட்டும் உத்தரவில் எழுத மறந்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டாவது தம்பி மோட்டார் போடுகிறார். அடுத்த வாய்தா இருபத்து மூன்றாம் தேதி.