நாலு நிமிடம்தானே நின்றேன்

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தியதற்காக எங்கள் குடும்பத்துக்கு இதுவரை இரண்டு அபராதச் சீட்டு வந்திருக்கிறது. ஒன்று எனக்கு, இன்னொன்று மச்சானுக்கு. என்னுடையதை மறுபேச்சில்லாமல் கட்டினேன். மச்சானைக் கட்டவிடாமல் பிடித்து உட்காரவைத்து மறுப்பு எழுதச் சொன்னேன், ரத்தானது. இரண்டும் ஒரே குற்றம்தானே, அதெப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான்.

முதலில் என் கதை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஓட்டிக்கொண்டே பேசுவது தப்பு என்று தெரியுமே, நல்ல பிள்ளையாக இண்டிகேட்டர் போட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஒதுங்கி, நாலு விளக்கையும் மினுக்கவிட்டுப் பேசி முடித்துக் கிளம்பினேன். சில நாளில் சீட்டு வந்துவிட்டது. வந்த கோபத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன்: நாலு நிமிடம்தான் நின்றேன், விளக்கு எரிந்தது, வண்டி ஓடும் தடத்தில் நிற்கவில்லை, எனக்கு முன்னால் இரண்டு லாரி நின்றதே, அவர்களை ஏன் கேட்கவில்லை? அனுப்புவதற்கு முன் விதியை ஒருமுறை படித்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். படித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

நாம் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'நிறுத்தினேன்' என்கிறோம். சட்டம் அப்படிப் பேசுவதில்லை. 1968இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஆளையோ சரக்கையோ ஏற்றி இறக்கத் தேவையான நேரம் மட்டும் நின்றால் அது வெறும் 'நிற்பது'. அதைத் தாண்டி நின்றால் பார்க்கிங். சிக்னலுக்காகவோ, முன்னால் இருப்பதன் மேல் மோதாமல் இருக்கவோ நின்றால் அது பார்க்கிங் கணக்கிலேயே வராது. ஜெர்மனியில் இன்னும் கறார்: மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, வண்டியை விட்டு அகன்றாலோ பார்க்கிங்தான். பலகைகளிலும் இதே வித்தியாசம் உண்டு. சிவப்பு வளையத்துக்குள் நீலம், குறுக்கே ஒரே கோடு என்றால் பார்க்கிங் கூடாது. பெருக்கல் குறி போல இரண்டு கோடு என்றால் நிற்கவே கூடாது. இதைக் கவனிக்காமலே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் ஊர்ச் சாலைக்கு. அதிவேக நெடுஞ்சாலைக்கு வந்தால் அதே உடன்படிக்கை சலுகையே தருவதில்லை. குறித்த நிறுத்துமிடம் தவிர வேறெங்கும் நிற்பதும் கூடாது, பார்க்கிங்கும் கூடாது. வண்டியே நின்றுபோனால் மட்டும் விலக்கு. அப்போதும் ஓடுபாதையை விட்டு விலகப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் பின்னால் வருபவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும்படி எச்சரிக்க வேண்டும். ஆக, என் நாலு நிமிடத்தை நாற்பது நொடி என்று நிரூபித்திருந்தாலும் அதே பதில்தான். போன் வந்தது அவசரம் ஆகாது.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்றால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தாலே 42 மீட்டர் போய்விடுகிறது. வண்டி அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு, தூரத்தில் தெரியும் பின்விளக்கு ஓடுகிற வண்டியுடையதா நிற்கிற வண்டியுடையதா என்று சட்டென்று புரியாது. ஓரம் பாதுகாப்பு என்று நினைத்து அங்கே டீ ஊற்றிக் குடிக்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. பிரிட்டனில் வண்டி பழுதாகி நின்றால் வண்டிகள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்கிறார்கள். அங்கே அதிவேகச் சாலையில் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவே கூடாது, வைக்கப் போகும் ஆள் அடிபடுவார் என்று. ஜெர்மனியில் வைத்தே ஆக வேண்டும். ஓட்டும் நாட்டின் விதியைப் படியுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, மச்சான் கதை. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, ஓரங்கட்டினார். மீட்பு வண்டிக்குப் போன் செய்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். அந்த இடைவெளியில் யாரோ பின்பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சீட்டில் 'தடை செய்யப்பட்ட இடத்தில் பார்க்கிங்' என்று இருந்தது. மச்சான் எழுதிய முதல் மறுப்பு இரண்டு பக்கம். சாலை வரி, குண்டும் குழியும், அரசாங்கம் எல்லாம் அதில் வந்தது. ஹோஸ் மட்டும் கடைசிப் பத்தியில்.

நான் சீட்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரைக்கு மேலே, ஒரு விரற்கடை அளவுக்கு, தூக்கிவைத்த பானெட்டின் விளிம்பு தெரிந்தது. இடது மூலையில் பாதி வெட்டுப்பட்ட சிவப்பு முக்கோணம். படத்தில் நேரம் மாலை 4:12. மச்சான் போனில் மீட்பு வண்டியை அழைத்த நேரம் 3:51. அவர்களுக்கு எதிரான சாட்சியை அவர்களே அனுப்பிவைத்திருந்தார்கள்! அதோடு மீட்பு வண்டிக்காரர் கொடுத்த ரசீது, மெக்கானிக் பில். கடிதம் ஏழு வரியானது.

இந்தியாவில் இதற்குச் சட்டமே துணை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 201ஆம் பிரிவு போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்துவதற்கு அபராதம் சொல்கிறது. எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தால் அந்த அபராதம் பொருந்தாது என்று 2019 திருத்தம் சேர்த்தது. 'எதிர்பாராமல்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்பதை ஜெர்மனியில் தவிர்த்திருக்கக்கூடியது என்று சொல்லி அபராதம் போடுவார்கள். கோபப்பட வேண்டாம், முள் காட்டிக்கொண்டுதானே இருந்தது.

சீட்டு கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது யார் போட்டது என்பது. காவல்துறையா, சாலை அமைப்பா, ஓய்விடத்தை நடத்தும் தனியாரா? தவறான முகவரிக்குப் போன நல்ல கடிதம் குப்பைக்குச் சமம். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அதிகாரப்பூர்வ தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், போலிச் சீட்டும் உலவுகிறது. அப்புறம் எந்தப் பிரிவு, எந்தக் கிலோமீட்டர், எத்தனை மணி. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்ந்த 167ஏ விதிப்படி, கேமரா போன்ற கருவி மூலம் போடும் வழக்கு என்றால் 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும், படமும் இடமும் நேரமும் மீறிய பிரிவும் அதில் இருக்க வேண்டும். இது உங்கள் உரிமை, கேளுங்கள். மரக்கிளை மறைத்த பலகையைக் காட்டி வாதாடப் போகிறீர்களா? கிளையை வெட்டுவதற்குள் போய், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் உயரத்திலிருந்து படமெடுங்கள். மறுக்க நினைத்தால் முதலில் கட்டிவிடாதீர்கள், பல இடங்களில் கட்டுவதே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சீட்டில் அச்சிட்ட கெடு நாளைத் தாண்டவும் கூடாது.

'அவனையும் பிடி' என்பது மட்டும் எங்கேயும் எடுபடாது. அந்த இரண்டு லாரிக்கும் சீட்டு போயிருந்தாலும் என் சீட்டு என் சீட்டுதான்.

பின்பக்கம் மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டு, பானெட் ஏன் திறந்திருக்கிறது என்று இறங்கிக் கேட்காமல் போகிற வேலை முறை எனக்குப் பிடிக்கவில்லை. பழுதாகி நிற்பவருக்கு முதலில் தேவை உதவி. அங்கே நின்று பின்னால் வரும் வண்டிகளை ஒதுக்கிவிட்டிருந்தால் மச்சானே நன்றிக் கடிதம் எழுதியிருப்பார்.

மச்சானுக்கு வந்த பதில் ஒரே வரி: அபராதம் ரத்து. ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லையே, அதற்கும் ஒரு கடிதம் போடலாமா என்று கேட்டார். ஏழு வரிக்கு மேல் போகாது என்றால் போடுங்கள் மச்சான் என்றேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்றாவது பக்கம்.