டிஸ்னி வேர்ல்டில் க்யூ நகரவேண்டும்

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பேச்சு வந்தாலே டிக்கெட் விலை, சாப்பாட்டு விலை, பஸ் தாமதம் என்று பட்டியல் நீளும். எல்லாமே நியாயமான குறைகள். ஆனாலும் என் கணக்கில் முதல் இடம் க்யூவுக்குத்தான். க்யூ நீளமாக இருக்கலாம், தப்பில்லை. நகரவேண்டும். அங்கே நகர்வதில்லை.

ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்ட்பை, அதாவது முன்பதிவு இல்லாதவர்கள் நிற்கும் சாதாரண வரிசையில் உங்களுக்கு முன்னால் 300 பேர். இருப்பது அந்த ஒரே வரிசை என்றால் 15 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். பக்கத்திலேயே லைட்னிங் லேன் என்று காசு கொடுத்து முன்பதிவு செய்தவர்களுக்கான விரைவு வரிசையைத் திறந்து, பத்தில் ஏழு இருக்கையை அந்தப் பக்கம் கொடுத்தால், ஸ்டாண்ட்பைக்கு மிஞ்சுவது மணிக்கு 360 இடம். அதே 300 பேர் ஏறி முடிக்க இப்போது 50 நிமிடம். இரண்டு வரிசையும் சேரும் இடத்தைக் கவனித்தால் இது கண்ணெதிரே நடக்கும். லைட்னிங் லேன்காரர்கள் கைப்பட்டையைத் தொட்டுவிட்டு நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். ஊழியர் இந்தப் பக்கம் கைகாட்டி நிறுத்தி, இடைவெளி விழும்போது மட்டும் ஒரு குடும்பத்தை உள்ளே விடுவார்.

இந்த விரைவு வரிசைக்கு 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். அதற்குப் பதிலாக 2021 அக்டோபரில் வந்த ஜீனி பிளஸ், ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். 2024 ஜூலையில் அதுவே லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. அந்த ஆண்டின் கடைசியில் அறிமுகமான பிரீமியர் பாஸுக்கு, பார்க்கையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை விலை வைத்தார்கள். பெயர் மாறியது, விலை ஏறியது. அதனால் எந்த ரைடிலும் ஒரு இருக்கைகூடக் கூடவில்லை.

இதைவிட மோசம், ரைடு பழுதாகி நிற்கும் நேரம். மேலே சொன்ன ரைடு ஒரு மணி நேரம் நின்றால், அந்த மணிக்கு முன்பதிவு செய்த 840 பேருக்கு வேறொரு ரைடிலோ, பிறகு இதிலேயோ ஏறிக்கொள்ள அனுமதி கிடைத்துவிடும். அவர்கள் பக்கத்து ரைடின் லைட்னிங் லேனில் போய்க் குவிவார்கள். எந்தக் கோளாறும் இல்லாத அந்த ரைடின் ஸ்டாண்ட்பையும் அப்படியே உறைந்துவிடும். கோடை மாலைகளில் இடி இடித்தால் வெளிப்புற ரைடுகள் ஒட்டுமொத்தமாக நிற்கும், மொத்தக் கூட்டமும் உள்ளரங்க ரைடுகளின் தலையில் விழும். மழையை யாரும் தடுக்க முடியாது, பழுதைக் குறைக்கலாம். உதிரிபாகம், இரவுப் பராமரிப்பு, போதுமான டெக்னீஷியன்கள் என்று பணத்தை முதலில் இங்கேதான் இறக்க வேண்டும்.

அடுத்தது நொடிக்கணக்கு. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் என்ற ரோலர் கோஸ்டரில் ஒரு ரயிலுக்கு 20 பேர். 48 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 75 ரயில், 1,500 பேர். ஒவ்வொன்றும் 10 நொடி தாமதித்தால் 62 ரயில், 1,240 பேர். வெறும் பத்து நொடியில் 260 பேருக்கான இடம் போச்சு! காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. காலடியில் வைத்த பை தடுக்கும். மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பி சரியாக விழாமல் மறுபடி திறந்து மூட வேண்டியிருக்கும். இருவர் இருவராக உட்காரும் வரிசையில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலியாகவே போகும். பிளாட்ஃபாரத்துக்கு முன்பே குழுக்களைப் பிரித்து நிறுத்தி, தடுப்பைச் சரிபார்க்க இன்னொரு ஆளைப் போட்டு, எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரைடில் இருப்பதுபோல், காலி இடத்தை நிரப்பத் தனியாக வருபவர்களுக்கு ஒரு வரிசையும் வைத்தால் இதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். புது ரைடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் மேல்ஸ்ட்ரோம் படகு ரைடை 2014-ல் மூடி, அதே கால்வாயில் 2016-ல் ஃப்ரோஸன் எவர் ஆஃப்டரைத் திறந்தார்கள். கூட்டம் பல மடங்கு, கால்வாய் அதே அளவு. இன்னொரு பார்க்கான மேஜிக் கிங்டமில் 2025 ஜூலையில் ரிவர்போட்டையும் டாம் சாயர் தீவையும் மூடியாயிற்று. அங்கே காத்திருப்பே இல்லாமல் நேரத்தைக் கழித்தவர்கள், அந்த இடத்தில் வரும் கார்ஸ் படப் பகுதி திறக்கும்வரை மற்ற க்யூக்களில்தான் நிற்க வேண்டும்.

லைட்னிங் லேனுக்குப் பாதி இருக்கைக்கு மேல் விற்கக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த 50 நிமிடம் 30 ஆகிவிடும். ஸ்டாண்ட்பைக்கு மணிக்கு எத்தனை இடம் என்பதையும் காத்திருப்பு நேரப் பலகையிலேயே போடட்டும். புதிதாகக் கட்டுவது மணிக்கு 2,000 பேரையாவது ஏற்றவேண்டும். 1971-லேயே திறந்த ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் சங்கிலிபோல ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்கள் நகரும் தளத்தில் நடந்தபடியே ஏறிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ரைடு ஒன்றுகூட இல்லாத ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.