புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் போலி போஸ்டரா?

“புற ஊதா விளக்கில் ஒளிராத பழைய ராக் இசைக் கச்சேரி போஸ்டர் அசல், நீலமாக ஒளிர்ந்தால் போலி” என்று பரவும் தகவல் தவறு. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வேதிப்பொருள்கள் 1950-களிலேயே காகிதத்தில் சேர்க்கப்பட்டன. 1966 போஸ்டரும் ஒளிரலாம். அவை சேராத தாள் இன்றும் கிடைக்கிறது, எனவே போலி ஒளிராமலும் போகலாம்.

விளக்கை விட, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் மேல். சான்பிரான்சிஸ்கோ ஃபில்மோர் இசை அரங்கின் 1966 கால போஸ்டர்கள் பலவற்றில் கையால் வரைந்த எழுத்துகள் தனி நிற மையில், புள்ளிகள் இல்லாமல் அடர்த்தியாக அச்சானவை. ஸ்கேன் எடுத்த மறுஅச்சில் அதே எழுத்தின் விளிம்பு நான்கு வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். புகைப்படப் பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அசலிலும் அங்கே புள்ளிகள் உண்டு.

அசலை அச்சிட்ட பழைய ஃபிலிம் நெகட்டிவிலிருந்தே பின்னாளில் அச்சிட்டிருந்தால் லென்ஸும் கைவிரிக்கும்! அப்போது அசல் என்று உறுதியான ஒரு போஸ்டரோடு அளவையும் தாளின் தடிமனையும் ஒப்பிட வேண்டும்.